மின்சுற்றும் அட்சரகணிதமும்

1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜேர்மனியின் கொலோன் நகரத்துப் பாடசாலையொன்றிலே கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்த ஓர் உபாத்தியாயர், பாடசாலை ஆய்வுகூடத்தில் செப்புக்கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு சுற்றில் இணைத்து, அவற்றினூடாகப் பாயும் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் பெயர் கேயோர்க் சைமன் ஓம். முந்திய ஆண்டிலும் அவர் இதே முயற்சியில் ஈடுபட்டுத் தவறான விதியொன்றை வெளியிட்டிருந்தார். அப்போது அவர் கையாண்ட மின்கலம் ஒரு நிலையில் நில்லாது வலிமை குன்றிக்கொண்டே சென்றமைதான் அத்தவறுக்குக் காரணம். இம்முறை செம்பையும் பிசுமதையும் பொருத்திய வெப்பவிணையொன்றை எடுத்து, அதன் ஒரு மூட்டைக் கொதிநீர் வெப்பத்திலும் மற்ற மூட்டைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலைகள் மாறாதிருக்கும்வரை மின்னைத் தூண்டும் விசையும் மாறாதிருக்கும்.

அளவீடுகள் அட்டவணையாகச் சேர்ந்தன. ஓம் அட்டவணையோடு அமைதி கொள்ளவில்லை. எண்களை அகற்றிவிட்டு எழுத்துகளால் ஒரு பின்னத்தை எழுதினார். மேலே ஓர் எழுத்து. கீழே இரண்டு எழுத்துகளின் கூட்டுத்தொகை. மேலேயுள்ளது மின்னைத் தூண்டும் விசையைக் குறித்தது. கீழேயுள்ள இரண்டில் ஒன்று சோதனைக் கம்பியின் நீளம். மற்றது சுற்றின் எஞ்சிய பகுதிக்கு உரியது. பின்பு வெப்பநிலையை மாற்றிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, மேலேயுள்ள எழுத்தின் பெறுமானம் மட்டுமே மாறியது, கீழேயுள்ளது அசையவில்லை. ஓட்டம் குறைந்தால் அக்குறை விசையினால் வந்ததா, வழியினால் வந்ததா என்பதை இவ்விரண்டு எழுத்துகளும் பிரித்துக் காட்டின. எத்தனை அட்டவணைகளைப் பார்த்தாலும் இப்பிரிவு கண்ணுக்குத் தானாகப் புலப்படாது.

1827இல் ஓம் வெளியிட்ட நூலை அவர் நாட்டு அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. 1841இல் இலண்டன் அரச கழகம் கொப்பிலிப் பதக்கம் அளித்து மதித்த பின்னரே அவர் பெருமை பரவலாயிற்று. உபாத்தியாயர்களின் உழைப்பு இவ்வாறு தாமதித்துக் கண்ணிற்படுவது புதுமையன்று.

இலங்கைப் பாடசாலைகளில் அட்சரகணிதம் என்று வழங்கும் கலைக்கு அப்பெயரை இட்டோர் நன்றாகவே இட்டனர். எண் நிற்கவேண்டிய இடத்தில் அட்சரத்தை நிறுத்துவதே அதன் உயிர். மின்சுற்றை இவ்வாறு எழுத்துகளால் ஆராயும் வழக்கம் ஒருகாலத்தில் ஓங்கி, கணினி தோன்றியபின் மங்கி, பின்னர் அக்கணினியினாலேயே மீண்டும் உயிர்பெற்றது.

ஓமின் விதி ஒரு வழியாகச் செல்லும் ஓட்டத்துக்குப் போதும். வழிகள் பிரிந்து கூடும் வலையமைப்புக்கு அது மட்டும் போதாது. அக்குறையை நீக்கியவர் குஸ்தாவ் கிர்க்கோஃப். 1845இல், கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்தபோது, அவர் இரண்டு விதிகளை வெளியிட்டார். ஒரு சந்திக்குள் வரும் ஓட்டங்களின் கூட்டுத்தொகை அங்கிருந்து வெளியேறுவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்பது ஒன்று. மூடிய வளையமொன்றைச் சுற்றிவருங்கால் அழுத்த ஏற்றங்களும் இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது மற்றது. பௌதிகம் கற்ற ஒவ்வொருவரும் இவற்றை அறிவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1847இல், அவர் எழுதிய மற்றொரு கட்டுரையை அறிந்தோர் அவ்வளவு பேர் அல்லர். ஆயினும் இந்த வரலாற்றுக்கு அதுவே வேர்.

அந்தக் கட்டுரையின் பொருளை உவீற்ஸ்ரன் பாலத்தைக் கொண்டு விளக்கலாம். நான்கு தடைகள் நாற்சதுரமாக நிற்க, ஒரு மூலைவிட்டத்தில் மின்கலமும் மற்ற மூலைவிட்டத்தில் கல்வனோமானியும் இருக்கும் அந்தச் சுற்றைப் பாடசாலை மேசைகளிற் கண்டிராத விஞ்ஞான மாணவர் அரியர். அதை 1833இல் முதலில் அமைத்தவர் சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி. 1843இல் அதை எடுத்து விளக்கிப் பரப்பியவர் சாள்ஸ் உவீற்ஸ்ரன். கிறிஸ்ரிக்கு உரிய பெருமையை உவீற்ஸ்ரன் தாமே எடுத்துக் கூறியும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இச்சுற்றில் சந்திகள் நான்கு, கிளைகள் ஆறு. கிர்க்கோஃப் கண்டது இது: ஆறு கிளைகளில் எந்த மூன்றை நீக்கினால் மூடிய வளையம் எதுவும் எஞ்சாதோ, அந்த மூன்றின் தடைகளையும் ஒன்றோடொன்று பெருக்குக. அத்தகைய பெருக்கங்கள் யாவற்றையும் கூட்டினால், ஓட்டத்தைக் கூறும் பின்னத்தின் கீழ்ப்பகுதி கிடைத்துவிடும். ஆறில் மூன்றைத் தெரிவதற்கு 20 வழிகள் உள. ஒரே சந்தியிற் கூடும் மூன்று கிளைகளை நீக்கினால் எஞ்சிய மூன்றும் முக்கோணமாக, ஒரு வளையமாக நின்றுவிடும். சந்திகள் நான்காதலின் அத்தகைய வழிகள் நான்கு. அவற்றை ஒதுக்கினால் 16. சமன்பாடுகளை வரிவரியாக எழுதித் தீர்க்கவேண்டியதில்லை. படத்தைப் பார்த்தே விடையை எழுதிவிடலாம்.

வளையம் எஞ்சாதவாறு எல்லாச் சந்திகளையும் இணைத்துநிற்கும் கிளைக்கூட்டத்தைப் பிற்காலத்தார் மரம் என்றனர். கோனிக்ஸ்பேர்க் நகரத்துக்கும் இவ்வகை ஆராய்ச்சிக்கும் ஏதோ ஓர் ஊழ்த்தொடர்பு உண்டு போலும். அந்நகரத்து ஏழு பாலங்களை ஒருமுறைக்கு மேற்படாது கடந்துவர இயலுமா என்ற வினாவை 1736இல் ஒயிலர் ஆராய்ந்தமையே கோடுகளையும் சந்திகளையும் பற்றிய கணிதத்தின் தொடக்கம்.

பின்னத்தின் மேற்பகுதியைப் பார்ப்போம். கல்வனோமானியினூடு செல்லும் ஓட்டத்துக்கு அது மிக எளியது: எதிரெதிரே நிற்கும் இரு தடைகளின் பெருக்கத்திலிருந்து மற்றைய இரண்டின் பெருக்கத்தைக் கழித்து, மின்கலத்தின் அழுத்தத்தாற் பெருக்கினால் அதுவே. இரண்டு பெருக்கங்களும் சமனானால் ஓட்டம் இல்லை. பாலத்தின் சமநிலை விதி முழுவதும் இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிட்டது. தடைகள் 2, 3, 4, 6 ஓம் என எண்களை மட்டும் கொடுத்துக் கணித்தால் விடை பூச்சியம் என்று வரும். ஏன் பூச்சியம் என்பதற்கு அந்தப் பூச்சியத்தில் விடையில்லை. மின்கலத்தை மாற்றினால் சமநிலை குலையுமா, கல்வனோமானியின் தடை கூடினால் என்னாகும் என்பவற்றுக்கும் இல்லை. எழுத்துகளிலோ, மின்கலத்தின் தடையும் கல்வனோமானியின் தடையும் மேற்பகுதியில் வரவேயில்லை. ஆதலால் சமநிலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்திலே அறியலாம்.

மாறுகின்ற ஓட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சி எழுந்தபோது அட்சரத்தின் ஆட்சி மேலும் விரிந்தது. சுருள்களும் கொள்ளளவிகளும் உள்ள சுற்றில், ஓட்டம் மாறும் வேகமும் கணக்கில் வந்து வகையீட்டுச் சமன்பாடுகளாகப் பெருகும். இலண்டனிற் பிறந்து, தந்தி நிலையத்தில் வேலைபார்த்து, 1874இல், தமது 24ஆம் வயதில், அவ்வேலையையும் விட்டு வீட்டிலிருந்து ஆராய்ந்த ஒலிவர் ஹெவிசைட் என்பவர் துணிந்து ஒரு காரியஞ் செய்தார். ‘காலத்தோடு மாறும் வீதத்தைக் காண்க’ என்னும் செய்கையையே ஓர் எழுத்தாக எழுதி, அதை ஏனைய எழுத்துகளைப்போலவே பெருக்கவும் வகுக்கவும் தலைப்பட்டார். சுருளும் கொள்ளளவியும் தடையைப்போலவே கையாளத்தக்கனவாயின. இவற்றையெல்லாம் அடக்கிய தடங்கல் என்னும் கருத்துக்கு 1886இல் ஆங்கிலப் பெயரிட்டவரும் அவரே. முறை சரியான விடைகளைத் தந்தது. ஆனால் நிறுவல் போதாது என்று கணித அறிஞர் முகஞ்சுளித்தனர். அவருடைய கட்டுரைத் தொடரின் மூன்றாம் பகுதியை 1894இல் அரச கழகம் ஏற்க மறுத்தது. பல்கலைக்கழகம் சென்றறியாத ஒருவரிடம் கழகம் காட்டிய கண்டிப்பு சற்று மிகையென்றே தோன்றுகிறது. பின்வந்தோர் அம்முறைக்கு உறுதியான அத்திவாரம் இட்டனர். அதற்குள் 1893இல் சாள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ், சிக்காகோவில் நடந்த மின்னியல் மாநாட்டில், ஆடலோட்டக் கணக்குகளைச் சிக்கலெண்களால் எளிதாக்கும் வழியைக் காட்டியிருந்தார்.

ஆகவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. 1953இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் மேசன், சைகை செல்லும் வழிகளை அம்புக்குறிகளால் வரைந்து, படத்திலிருந்தே விடையைப் பெறும் மற்றுமொரு முறையை வெளியிட்டார். இடர் முறையில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. ஒவ்வொரு சந்தியும் மற்றொவ்வொன்றோடும் இணைந்திருக்கும் வலையில் எத்தனை மரங்கள் உள என்பதற்கு 1889இல் ஆதர் கேலி வெளியிட்ட சூத்திரம் உண்டு. நான்கு சந்திகளுக்கு 16 என்று முன்னர்க் கண்டோம். பத்துச் சந்திகளுக்கு அது 10 கோடி. இருபது சந்திகளுக்கோ 26ஐ எழுதி அதன் பின்னே 22 பூச்சியங்களை இடவேண்டும். உண்மையான சுற்றுகளில் எல்லாச் சந்திகளும் தம்முள் இணைவதில்லை. ஆதலால் தொகை இத்துணை பெருகாது. ஆயினும் மனிதக் கைக்கு அடங்காத அளவுக்குப் பெருகிவிடும் என்பதில் ஐயமில்லை.

1960களில் கணினி பொறியியலாளர் கைக்கு எட்டியது. ஒரு சிலிக்கன் துண்டிலே பல ட்ரான்சிஸ்டர்களைச் செதுக்கும் கலையும் அப்போதுதான் வளர்ந்தது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சிப்பில் அவை ஏறத்தாழ 2,300. இத்தகைய சுற்றைச் செய்து பார்த்துத் திருத்துவதென்றால் பொருளும் காலமும் விரயம். ஆகவே செய்வதற்கு முன்னரே கணினியில் நடத்திப்பார்க்கும் செய்நிரல்கள் எழுந்தன. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரோரர் நடத்திய வகுப்பொன்றில், மாணவர்களின் பயிற்சியாக ஒரு செய்நிரல் உருவாயிற்று. அதற்குப் புற்றுநோய் என்று பொருள்படும் பெயர் வாய்த்தது. ‘கதிர்வீச்சு நீங்கலாக’ என்ற தொடரும் அப்பெயரின் விரிவில் அடங்கியிருந்தது. பாதுகாப்புத் துறையின் பணத்தில் எழுந்த அக்காலச் செய்நிரல்கள் கதிர்வீச்சின் விளைவையும் கணிக்கக் கடமைப்பட்டிருந்தமையைக் குத்திக்காட்டும் குறும்பு அது. லோரன்ஸ் நாகெல் அதை வளர்த்து, டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் ஸ்பைஸ் என்னும் செய்நிரலாக்கினார். 1973 ஏப்ரிலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. யாவரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று பீடர்சன் வற்புறுத்தினார். இத்துறையில் அதைவிடப் பெரிய கொடை வேறொன்றைக் காட்டல் அரிது.

ஸ்பைஸ் எண்ணுலகத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு தடைக்கும் பெறுமானத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சந்தியின் அழுத்தத்தையும் எண்ணாகத் தரும். பல்லாயிரம் ட்ரான்சிஸ்டர்கள் ஆயினும் அஞ்சாது. எனினும் நலிந்த சைகையைப் பெரிதாக்கும் விரியலாக்கியொன்று எதிர்பார்த்தபடி பெருக்கவில்லையெனில், எந்த உறுப்பை மாற்றவேண்டும் என்பதை அது சொல்லாது. ஒன்றை மாற்றி ஓட்டிப்பார். மற்றொன்றை மாற்றி மீண்டும் ஓட்டிப்பார். எண் விடை கையில் இருந்தும் காரணம் கைக்கு எட்டாத நிலை இது. சிந்தியாமல் ஓட்டிப்பார்க்கும் பழக்கத்தை மாணவரிடையே இது வளர்த்துவிட்டது என்று மூத்த பொறியியலாளர் கூறும் குறையில் உண்மை இல்லாமலில்லை.

எழுத்தைக் கைவிடாதவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆதரவில் எழுந்த நாஸாப் என்னும் செய்நிரல் அம்புக்குறிப் படங்களைக் கொண்டு எழுத்து விடைகளைத் தந்தது. 1970களின் தொடக்கத்தில் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பென்-மின் லின், ஆல்டர்சன் ஆகியோர் ஸ்னாப் என்னும் செய்நிரலை அமைத்தனர். சிறு சுற்றுகளுக்கு இவை செவ்வனே உதவின. சற்றுப் பெரிய சுற்றைக் கொடுத்தாலோ மரங்களின் வெள்ளம் அந்நாட் கணினியின் நினைவகத்தை மூழ்கடித்துவிடும்.

மசசூசெற்ஸில் வேறொரு வகை முயற்சி நடந்தது. 1970களின் நடுவில் ஜெரால்ட் சஸ்மன், ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆகிய இருவரும், தேர்ந்த பொறியியலாளர் ஒருவர் கடதாசியில் எவ்வாறு சுற்றை ஆராய்வாரோ அவ்வாறே ஆராயும் செய்நிரலை ஆக்கினர். தெரிந்த எண்ணிலிருந்து அடுத்ததை அது பெறும். வழி அடைபட்டால் அங்கே ஓர் எழுத்தை இட்டு மேற்செல்லும். ஒரே இடத்தை இரு வழியால் அடையுங்கால் இரண்டையும் சமப்படுத்தி அவ்வெழுத்தின் பெறுமானத்தைக் காணும். ஒவ்வொரு முடிவும் எதிலிருந்து வந்தது என்பதைக் குறித்து வைத்தமை அதன் தனிச்சிறப்பு. ஏன் என்று கேட்டால் அதனால் விடைகூற முடிந்தது. பின்னாளில், 1983இல், யாவர்க்கும் உரிய மென்பொருள் என்னும் இயக்கத்தைத் தொடக்கிய ஸ்டால்மன் இவரே.

அடுத்த எழுச்சி ஐரோப்பாவில் நிகழ்ந்தது. அதன் காரணத்தை அறிய ஒரு சிறு விளக்கம் தேவை. ட்ரான்சிஸ்டரின் இயல்பு நேர்விகிதமானதன்று. அதில் அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிப்பதில்லை. ஆனால் ஒரு நிலையில் அதை நிறுத்தி, அந்நிலையைச் சுற்றிச் சைகை சிறிதளவே அசையுமாயின், அச்சிறு அசைவுக்கு அது நேர்விகிதமாகவே இயங்கும். அப்போது அதைச் சில தடைகளும் கொள்ளளவிகளும் மூலங்களுமாக எழுதிவிடலாம். இதையே ஏகபரிமாணச் சுற்று என்பர். பேச்சு, இசை, இருதயத்தின் மின்துடிப்பு ஆகிய தொடர்ச்சியான சைகைகளைக் கையாளும் பகுதிகள் ஒரு சிப்பின் சிறு மூலையில் அடங்குவன. ஆயினும் அம்மூலையை வகுப்பதற்கே மிகுந்த காலமும் அனுபவமும் வேண்டும். அங்கேதான் எழுத்து விடை தேவைப்பட்டது.

1989இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கீலன், வில்லி சான்சன் முதலியோர் ஐசாக் என்னும் செய்நிரலை வெளியிட்டனர். ஸ்பெயினின் செவில் நகரத்திலும் சுவிற்சர்லாந்திலும் இதையொத்த முயற்சிகள் நடந்தன. இவர்கள் கைக்கொண்ட வழி ஒதுக்குதல் ஆகும். எழுத்து விடையில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருந்தாலும் அவை யாவும் சமமான வலிமையுடையன அல்ல. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏறத்தாழ எவ்வளவு பெறுமானம் என்று தெரிந்தால், எந்த உறுப்புகள் அற்பமானவை என்று கண்டு நீக்கலாம். இத்தனை வீதம் பிழை பொறுக்கத்தக்கது என்று வகுப்பவர் கூறுவார்; செய்நிரல் அதற்குள் அடங்குமாறு களையெடுக்கும். எஞ்சும் நான்கைந்து உறுப்புகளில் எந்த ட்ரான்சிஸ்டர் பெருக்கத்தை ஆள்கிறது, எந்தக் கொள்ளளவி உயர் மீடிறன்களை விழுங்குகிறது என்பதெல்லாம் தெளிவாகும்.

களையெடுப்பில் பயிரையும் பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு. பாலத்தின் மேற்பகுதியில் இருந்த கழித்தலை நினைவிற் கொள்க. ஒரு பெருக்கம் 10,001, மற்றது 10,000, அவற்றோடு 5 என்னும் ஓர் உறுப்பும் இருக்கிறது என்க. பத்தாயிரத்தோடு ஒப்பிட்டு 5ஐ அற்பமென்று வீசிவிட்டால், கழித்து வருவது 1. உண்மை விடை 6. சோடி சோடியாக ஒத்த உறுப்புகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் வித்தியாசத்தையே நம்பி இயங்கும் சுற்றுகள் பல. அவற்றில் பெரியன இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சிறியதே விடையாகும். ஒரு மீடிறனில் அற்பமான உறுப்பு மற்றொரு மீடிறனில் ஆளவும் கூடும். இவ்வாபத்துகளை அறிந்தபின்னர், பெருமதியால் மூத்த உறுப்பை முதலிலும் அடுத்ததை அதன் பின்னும் என வரிசையாகப் பிறப்பித்துப் போதிய அளவில் நிறுத்தும் முறைகளை 1990களில் வகுத்தனர். கிர்க்கோஃபின் மரங்களே அங்கும் கைகொடுத்தன.

ஒதுக்காமலே அடக்கிவைக்கும் வழியொன்றை றிச்சர்ட் ஷி, ஷியாங்-டொங் டான் ஆகிய இருவரும் 1997இல் காட்டினர். ஒரே காரணி பல உறுப்புகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அதை ஒருமுறை மாத்திரம் எழுதி, வேண்டிய இடங்களிலிருந்தெல்லாம் அதற்குக் கோடு இழுத்துவிடும் படமுறை அது. ஓர் ஊரில் பதினொரு சந்திகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு இரண்டு ஒழுங்கைகள் இருப்பதாகக் கொள்க. படத்தில் வரையவேண்டிய ஒழுங்கைகள் 20; முதற்சந்தியிலிருந்து கடைசிச் சந்திக்குச் செல்லத்தக்க வழிகளோ 1,024. வழிகளைப் பட்டியலிடாமல் ஒழுங்கைகளை வரைந்துகொள்வது போன்றதே இது. கணினிக்கு இது வரப்பிரசாதம். கண்ணாற் பார்த்துப் பொருள்கொள்ள விரும்பும் மனிதருக்கோ களையெடுத்த நான்கு உறுப்புகளே இன்னமும் இனிது.

இத்தாலியின் புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான சப்வின் என்னும் மென்பொருள் வேறொரு வினாவுக்கும் விடைதேடியது. பழுதான சுற்றொன்றின் வெளிமுனைகளில் மட்டுமே அளக்க இயலுமாயின், உள்ளேயுள்ள எந்தெந்த உறுப்புகளின் பெறுமானத்தை அவ்வளவீடுகளிலிருந்து தனித்தனியே அறியலாம்? எழுத்து விடையில் இரண்டு எழுத்துகள் எப்போதும் பெருக்கமாகவே சேர்ந்து வந்தால், எத்தனை முறை அளந்தாலும் அவற்றைப் பிரித்தறிய இயலாது. இதை அளவுகருவியைத் தொடுமுன்னரே சொல்லிவிடலாம்.

இத்தகைய மென்பொருள்கள் இன்று சிறு கணினிகளிலும் இயங்குகின்றன. நியூசீலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட எல்காபி என்பது பைதன் மொழியில் எழுதப்பட்டது, விலையின்றிக் கிடைப்பது. எந்தச் சந்திக்கும் எந்தச் சந்திக்கும் இடையே எந்த உறுப்பு நிற்கிறது என்பதை வரிக்கு ஒன்றாக எழுதிக்கொடுத்தால் போதும். உவீற்ஸ்ரன் பாலத்தை அதன் ஆறு கிளைகளோடும் எழுதிக்கொடுத்து, கல்வனோமானியின் ஓட்டம் யாது என்று கேட்கலாம். பின்னத்தின் கீழே, 1847இல் கோனிக்ஸ்பேர்க் மாணவர் வகுத்த விதிப்படி, மும்மூன்று தடைகளின் பெருக்கங்கள் பதினாறு வரும். மேலே ஒரே ஒரு கழித்தல் வரும்.